ஒன்பது ஏவல்

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜில்
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை
நான்தான் வரவேற்பு.
முதுகுக்குப் பின்னால் முப்பத்தெட்டுச் சாவி,
மேசைக்கு அடியில் லேப்டாப்,
லேப்டாப்பில் ஒரு துறைமுகம்.
மதுரைக்காரனுக்கு அதற்கு மேல் கடல் எதற்கு?

திரையின் கீழே ஒன்பது சொல்.
பார், எடு, திற, மூடு,
கொடு, தள்ளு, இழு, பேசு.
ஒன்பதாவதைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்,
அமையவில்லை.
'பயன்படுத்து' என்றால்
பார்க்கில் வாய் பிளந்து நிற்கும்
குப்பைத்தொட்டி ஞாபகம் வருகிறது.

பழையதில் மொத்தமே பதினாறு நிறம்.
வானமும் கடலும் ஒரே நீலம்,
நடுவில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே இருப்பது கடல் என்றார்கள்,
நம்பினோம்
நானும் மொக்கராசும்.
பசுமலைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர்,
மணிக்கு இருபது ரூபாய், ஆளுக்குப் பத்து.
மவுஸ் ஒன்றுதான். கை மாறிக்கொண்டே இருக்கும்.

முதல் காட்சியில் அலமாரிக்கு அடியில்
நாலே புள்ளியில் ஒரு மெழுகுவத்தித் துண்டு.
எடுக்காமல் போனால் ஒன்றும் சொல்லாது.
நடக்க விடும். பேச விடும்.
பூட்டையெல்லாம் திறந்து சந்தோஷப்பட விடும்.
பதினோராம் காட்சியில் சுரங்கம்.
இருட்டு, இருட்டில் இரண்டு வரிசைப் பல்,
அவ்வளவுதான்.
திரும்பிப் போகப் பாலம் கிடையாது,
நாமேதான் அறுத்துவிட்டு வந்திருப்போம்.
மூன்று சனிக்கிழமை செத்தோம்.
"நீதாண்டா எடுக்கல."
"மவுஸ் உங்கிட்டதான இருந்துச்சு."

ரெண்டு பேரும் சேர்ந்து ஜெராக்ஸ் கடை வைத்து
பதினெட்டு மாதத்தில் மூடியபோது
கடை அட்வான்ஸை யார் கேட்டு வாங்கியிருக்கணும் என்பதற்கும்
அதே ரெண்டு வரிதான்.
மவுஸ் மட்டும் இல்லை.

இப்போது யாரோ ஐந்து பேர், ஐந்து தேசம்,
வேலை முடித்து வந்த ராத்திரிகளில்
ஒன்பது வருடம் உட்கார்ந்து
எல்லாவற்றையும் மறுபடி வரைந்திருக்கிறார்கள்.
காசு கேட்கவில்லை.
வலையில் கண்ணி எண்ணலாம்.
படகில் துரு, துருவுக்குள் இன்னொரு துரு.
ஊமையாக இருந்த எல்லோருக்கும் குரல் வந்திருக்கிறது.
செத்த மாலுமி சாபம் விடும்போது
பின்னால் சன்னமாக
யார் வீட்டிலோ வாஷிங் மெஷின் சுற்றுகிறது.
அதை வெட்டாமல் விட்ட மகராசனுக்கு
ஒரு கும்பிடு.

ரெண்டு மணிக்கு மேல் ரயிலில் வந்து இறங்கிய குடும்பம்.
ஆதார் கார்டு. கையெழுத்து. இருநூற்றேழு.
வெந்நீர் அஞ்சிலிருந்து ஏழு வரைக்கும்.
கூட வந்த பொடியன்
மணியை அடித்துப் பார்க்கிறான்,
மீன்தொட்டியைத் தட்டுகிறான்,
காலண்டரைத் தூக்கிப் பின்னால் பார்க்கிறான்,
என் பேனா மூடியைச் சட்டைப்பையில் போடுகிறான்.
கேட்கவில்லை நான்.
எதற்கென்று பதினோராம் காட்சியில் தெரியும்.

சுரங்க வாசலில்
பழையதில் இல்லாத ஒரு பெட்டிக்கடை!
கம்பியில் மெழுகுவத்தி தொங்குகிறது.
'மறந்துவிட்டாயா? பரவாயில்லை, எடுத்துக்கொள்'
என்கிறான் கடைக்காரன்.
இவன் குரலில் மட்டும் லேசாகத் திக்கல்.

எடுக்கவில்லை.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
வெறுங்கையோடு உள்ளே போனேன்.
இருட்டு. அப்புறம் அதே பல்,
பதினாறு நிறத்துப் பல்.
இத்தனை வரைந்தவர்கள்
அதை மட்டும் தொடவில்லை.

அந்தத் திரையைப் படம் பிடித்து
உசிலம்பட்டி நம்பருக்கு அனுப்பினேன்.
எட்டு வருடமாகப் பொங்கல் வாழ்த்துகூடப் போகாத நம்பர்.
மணி மூன்று நாற்பது.
மூன்று நாற்பத்தொன்றுக்குப் பதில்:
"கடையில சும்மாதானடா தர்றான், வாங்குனா என்ன?"

படத்தில் கடை இல்லை.
பல்தான் இருந்தது.

இருநூற்றேழிலிருந்து போன். குழாயில் தண்ணி வரலையாம்.
மோட்டார் ரூம் சாவியைத்
திரும்பித் தேடுகிறேன்,
முப்பத்தெட்டுக் கொக்கியில் எது என்று.