சிரட்டை அகலம்

ஒரு கட்டை, இரண்டு குழல்.
நீளக்குழல் வாயில் நெருங்கும்,
புது ஐம்பது சதம் அதற்குள் போகாது.
குட்டைக்குழல்
அக்கரைப்பற்று மீராலெவ்வை
நெருக்கம் போக அறுத்து, அரமிட்டு,
வெள்ளிக் குமிழை மறுபடி பற்றவைத்துத் தந்தது.
அதே காசு அதற்குள் வழுகி
அடியால் என் மடியில் விழுந்தது.

“சன்னத்துக்கு நெருக்கம் வேணும்.
தனிக்குண்டுக்கு நேர்வழி.
மாறிப் போட்டா துவக்குக்கும் நட்டம், உனக்கும் நட்டம்.”
கூலியைச் சொன்ன அதே குரல்.
மானைப் பற்றி அவர் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
அனுமதிப் பத்திரத்தில் இருப்பது சோளன் காவல்.

தம்பிலுவிலில் குளிர்த்தி நாள்.
கோயில் வெடியோடு வெடியாய்
சாகாமக் குளத்துக்கு மேற்கே சுட்டுப் பார்த்தேன்.
பாலைமரத்தில் தேர்தல் சுவரொட்டி,
முகம் மரத்துக்கு, முதுகு எனக்கு.
யூரியாப் பையில் மணல் நிரப்பி
குழலை அதன்மேல் கிடத்தினேன்.
ஐம்பது எட்டு.

பச்சைத் தோட்டா மூன்றும் மூன்று ஊருக்குப் போயின.
ஒன்று மரத்திலேயே படவில்லை.
சிவப்புத் தோட்டா, உடம்பில் வரி வெட்டிய குண்டு,
முதலாவது ஒரு சாண் கீழே.
குமிழைக் கொஞ்சம் அராவினேன்.
இரண்டாவது, மூன்றாவது, நாலாவது
ஒரு சிரட்டை வாய்க்குள்.
தோள்மூட்டு நாவற்பழம்.
எழுபது எட்டில் சிரட்டை சுளகாகிவிட்டது.
ஐம்பதுக்கு அப்பால் விரலை எடு என்று
கட்டையில் ஆணியால் ஒரு கோடு கீறினேன்.

மார்கழி. மழை விட்டிருந்தது.
சோளனுக்குள் அது நுழைந்தபோது
பின்காலை ஒருமாதிரி ஊன்றியது.
சேறு என்று நினைத்தேன்.
முன்காலுக்குப் பின்னால், ஒரு தரம்.
நின்ற இடத்திலேயே மடிந்தது.
நாற்பத்திரண்டு எட்டு, பிறகு அளந்தோம்.
பூவிலிங்கம் என் முதுகில் தட்டினான்.

உரிக்கும்போது
அவன் கத்தி எதிலோ இடறியது.
இடப்பக்கத் தொடையில், தோலுக்கடியில்,
வெள்ளைச் சவ்வு சுற்றி வளர்த்த ஒரு ஈயம்.
ஒரு சுளகு தள்ளி இன்னொன்று.
எலும்போரம் மூன்றாவது.
“ஆரோ போன வருசம் எஸ்.ஜி. போட்டிருக்கான்,
தூரத்தில நிண்டு,” என்றான்.
“ஒரு தோட்டாவில ஒன்பது. மற்ற ஆறும் எங்க?”
லாம்பைக் கொஞ்சம் அங்கால பிடி என்றேன்.

நீளக்குழல். தொண்ணூறு எட்டாவது இருக்கும்.
இதே வரம்பு.
குழல் அடங்குமுன்னே காடு அதை மூடிக்கொண்டது,
நான் டோர்ச்சோடு கொஞ்சத் தூரம் போய்
அட்டை கடிக்கத் திரும்பிவிட்டேன்.

இறைச்சி ஏழு பங்கு.
மூன்று ஈயமும் என் சட்டைப் பைக்குள்.
உடுப்புக் கழுவப் போன மனைவி
அவற்றைக் கண்டெடுத்து
பகல் சோற்றுக்குப் பக்கத்தில்,
தட்டின் ஓரத்தில் வைத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

போன வருசம் விடியப்புறம் வந்து
“படவில்லை” என்று அவளிடம் சொன்னவன் நான்.