நீலம் வரும்வரை

சனிக்கிழமை ராத்திரி பத்தேகால். மணவாளக்குறிச்சி.
சாப்பாட்டு மேசையில் நகைக்கடைக் காலண்டர் தாளை விரித்து
பதினெட்டு பேரிங்குகளைப் பரப்பியிருக்கிறேன்.
ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு:
உள்ளே ஐந்து, வெளியே பதினொன்று, கனம் நாலு மில்லிமீட்டர்.
ரிமோட் காரை முழுசாய்க் கழற்றியாயிற்று.
நாளை இரண்டாம் பூசை முடிந்ததும்
குளச்சல் மைதானத்தில் ஓட்டம்.

குண்டூசி முனையால் ரப்பர் மூடியைக் கிளப்பினால்
ஏழு குண்டுகள், வழவழப்பு செத்து,
கருவாட்டுக் கண்போல் மங்கி.
மண்ணெண்ணெயில் போட்டுக் குலுக்கினால்
ஹார்லிக்ஸ் மூடியின் அடியில் கறுப்பாய்ப் படிவது
எங்கள் ஊர்.

கருமணல்.
மற்ற ஊர்க்காரர்களுக்கு மண் காலில் ஒட்டும்.
எங்களுக்கு மோட்டாரில் ஒட்டும்.
காந்தம் எங்கே இருக்கிறதென்று
அதுக்குத் தெரியும்.

போதாததுக்கு வில்பிரட்.
மணல் ஆலையில் எட்டு மணிநேரம்
காந்த உருளை முன்னால் நின்று
கறுப்பைத் தனியே, மற்றதைத் தனியே பிரிக்கிறவர்
வீட்டுக்கு வந்து காற்சட்டையை உதறினால்
எல்லாம் மறுபடி ஒன்றாய் விழும்.
"வெளியில நின்னு உதறப்பிடாதா?"
"வெளியிலயும் இதுதானே பிள்ளே கெடக்கு."

கருவி என் உள்ளங்கைக்குள் அடங்கும்.
தக்கலை லேத்துக்காரர் பித்தளையில் கடைந்தது.
நடுவில் ஒரு குச்சி, அதில் பேரிங் உட்காரும்;
கீழே கிண்ணத்தில் நீலக் கிரீஸ்;
மேலே ஒரு மூடி, அதைப் பெருவிரலால் அழுத்த வேண்டும்.
இடியாப்பம் பிழிந்த எவளுக்கும் இது தெரியும்:
மாவு இளகினால் நூல் நிற்காது,
இறுகினால் மணிக்கட்டு போகும்,
அவசரப்பட்டால் ஓரம் வழியாகப் பீறும்.

அழுத்துகிறேன்.
முதலில் மண்ணெண்ணெய் மிச்சம் துளிர்க்கும்.
பிறகு சாம்பல்.
பிறகு சாம்பலும் நீலமும் கலந்து,
மழைக்கு முந்தின கடியபட்டணம் கடல்.
அங்கே நிறுத்தக் கூடாது,
ஏழு இடுக்கிலும் ஏழு நீலப் புழுக்கள்
ஒரே நேரத்தில் தலை நீட்டும்வரை.
அதிகமானதை வழித்து
மூடியை நகத்தால் தட்டி அமர்த்தி
அடுத்தது.

கிளாட்சன் சொல்வான்:
"கிரீஸ் போட்டா வண்டி இழுக்கும் அக்கா.
எண்ணெய் ஒரு சொட்டு, பறக்கும்."
பறக்கும்தான்.
மூணாவது சுற்றில் அவன் வண்டி கத்துவது
மண்டைக்காடுவரை கேட்கும்.

பதினேழு முடிந்தது.
பதினெட்டாவது, முன்சக்கரம், இடது:
மூன்று தரம் கழுவியும் கரகரவென்கிறது,
மீன்குழம்புச் சோற்றில் பல்லுக்கிடையே மணல்.
காந்தத்தைக் காட்டினேன்.
பேரிங்கே தாவி ஒட்டிக்கொண்டது,
உள்ளிருப்பது வரவில்லை.

வில்பிரட் கைலியை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.
ஆலையில் அவர் கிரீஸ் அடிக்கும் பேரிங்
ஆட்டுக்கல் பருமன்;
ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை அதன்மேல் ஊன்றி
மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பாராம்.
இதைக் காதோரம் பிடித்துச் சுற்றினார்,
கொசு சொல்லும் ரகசியத்தைக் கேட்கிறவர்போல.
"இது நம்ம கறுப்பு இல்ல."
"பின்னே?"
"கறுப்பு நசுங்கும். இது மல்லுக்கட்டுது."

ஈர்க்குச்சி முனை. டார்ச்சு அவர் வாயில்.
நாலாவது குண்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவிலிருந்து
வந்தது ஒரு சிவப்பு.
கடுகில் பத்தில் ஒன்று.
வெளிச்சம் பட்டதும் மாதுளை முத்தாய் எரிந்தது.
கார்னெட். உப்புத்தாளில் ஒட்டி
மரத்தை இழைக்கிறார்களே, அதே சரக்கு.
என் காந்தத்துக்கு மசியாமல்
அவர் காற்சட்டை மடிப்பில் ஏறி வந்திருக்கிறது.

"ஆறு வருசத்தில நீங்க எனக்குத் தந்த
முதல் மாணிக்கம்" என்றேன்.
டார்ச்சைக் கடித்தபடி சிரிக்கப் போய்
எச்சில் ஒழுக நின்றார்.
பிறகு, "நான் ஒண்ணு பிழியட்டா?"
ஆலைக் கை. ஒரே அழுத்து.
ஓரம் வழியாகப் பீறி
காலண்டர் பெண்ணின் கழுத்தில்
வைரத்துக்கு மேலே இன்னொரு அட்டிகை, நீலத்தில்.

ஓட்டத்தில் நாலாவது வந்தேன்.
கடைசிச் சுற்றில் பேட்டரி கைவிட்டது.
பேரிங் மேல் பழியில்லை.
கிளாட்சன் இரண்டாவது, கத்திக்கொண்டே.
வண்டியைக் கவிழ்த்து வைத்து
இடது முன்சக்கரத்தை ஒரு தட்டு தட்டினேன்.
சுற்றிக்கொண்டே இருந்தது,
அவன் பக்கத்தில் வந்து,
தலையைச் சொறிந்து,
மழை வருமா என்று விசாரித்து,
"அந்தக் கருவிய ஒரு நாளு தருவியளா அக்கா"
என்று கேட்டு முடிக்கும்வரை.