பதினேழு கல்

பத்து மணிச் சங்கு ஊதியதும்
ஒனோரினா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறாள்.
பதினான்கு உலைகள் அவள் பொறுப்பு.
ஒவ்வொன்றின் உச்சியிலும் கட்டைவிரல் அளவில் ஒரு சுத்தியல்.
டக். டக். டக்.
தட்டுக்கு ஒரு சிட்டிகையாய்
சல்லடை விட்டு நெருப்புக்குள் இறங்குகிறது
வெள்ளைப் பொடி.

பொடிதான்.
சவரக் காயத்தில் தடவுகிறோமே,
அந்தப் படிகாரத்தின் பங்காளியைச் சுட்டெடுத்த பொடி.
குரோமியம் கொஞ்சம் சேர்ந்தால் மாணிக்கம்.
இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம்.
ஒன்றும் சேராவிட்டால்
கண்ணீர் நிறம். அதற்கும் விலை உண்டு.

நாகம் கக்கியது என்று நாம் சொல்லிவந்ததை
இங்கே ஒரு குழாய் கக்குகிறது,
ரோன் ஆற்றங்கரையில்,
மூடுபனிக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவே,
வாரம் ஆறு இரவு.

முதலில் ஒரு சொட்டு.
சொட்டின் மேல் சொட்டு.
அடி உறைய உறைய நுனி மட்டும் உருகியே நிற்கும்.
கல் வளரும் அளவுக்கு
அவள் சக்கரத்தைத் திருகிக் கீழே இறக்க வேண்டும்,
வளர்வது நெருப்புக்குத் தெரியாதபடி.
நான்கு மணி நேரம், இரண்டு காபி.
தலைகீழாய் நட்ட பேரிக்காய் ஒன்று
சிவந்து நிற்கும்.

பெட்டிமேல் ஒட்டிய தாளில் 'கொரண்டம்' என்றிருக்கும்.
நம் குருந்தம்தான் அது.
எந்தக் கப்பலில் ஏறியதோ,
எத்தனை வாயில் தேய்ந்ததோ.
அவளுக்கு அது ஒரு எடை,
எடைக்கு இவ்வளவு என்று ஒரு கூலி.

ஆறிய பிறகு குறட்டால் காம்பை முறிப்பாள்.
பட்டென்று நீளவாக்கில் இரண்டாய்ப் பிளக்கும்.
உடைந்துவிட்டது என்று இங்கே யாரும் சொல்வதில்லை.
பிளக்காத கல்லைத்தான் நம்பமாட்டார்கள்.
இறுக்கத்தையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு
சும்மா இருக்கும்.
அறுக்கும்போது சிதறும்.

ஜனவரியில் ஓர் இரவு
மூன்றாம் உலையின் சுத்தியல் சிக்கிக்கொண்டது.
ஏழு நிமிடம்
கரண்டிக் காம்பால் அவளே தட்டினாள்.
பெர்காமோவிலிருந்து வந்த கடிதம்
மேலங்கிப் பையில், பிரிக்காமல்.
மண்ணுக்குள் விளைந்த கல்லில் வரிகள் நேராய் ஓடும்.
உலைக் கல்லில் வளையும்,
இசைத்தட்டின் வரிபோல.
அந்தக் கல்லில் மட்டும் ஓரிடத்தில்
வரிகள் நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கியிருக்கும்.
யார் விரலில் இருக்கிறதோ.
என்ன கதை சொல்லி விற்றார்களோ.

இன்று ரயில் பனியில் நின்றுவிட்டது.
ஆறு நிமிடத் தாமதம்.
மேஸ்திரி குளோவி பிராஸ் சங்கிலியை இழுத்து
கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.
முகப்பில் பொடி எழுத்து: பதினேழு கல்.

"உள்ளே பார்க்கலாமா?" என்றாள்.

என்ன நினைத்தாரோ,
பின்மூடியைத் திறந்தார்.
சக்கர அச்சுகளின் அடியில்
கடுகிலும் சிறிய சிவப்புக் குழிகள்.
ஒவ்வொன்றிலும் ஓர் ஊசிமுனை
தேயாமல் சுழன்றுகொண்டிருந்தது.

குனிந்து பார்த்தாள்,
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்.
"இதில் ஒன்றாவது என்னுடையது" என்றாள்.
"இருக்கலாம்" என்றார் பிராஸ்.
மூடியை அழுத்தினார்.
"இப்போது எட்டு நிமிடம்."
நோட்டில் கால்மணிக் கூலியைக் கழித்தார்.

அவள் பதில் சொல்லவில்லை.
ஆறாம் உலை தாளம் தப்புவது
அவருக்கு இன்னும் கேட்கவில்லை.
கண்ணாடியை மாட்டியபடியே
ஓடினாள்.