எழுபதில் ஒன்று

ஆகஸ்ட் பிறந்தால்
ஆன்ட்வெர்ப்பிலிருந்து யெகுதியேல் வருவார்.
கறுப்புக் கோட்டு. கண்ணில் சொருகிய பூதக்கண்ணாடி.
முறைத்தண்ணீர் பாய்ந்த சேற்றில் ஒரு கால்
வரப்பில் ஒரு கால்
நாரத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.
பெண் பார்க்க வந்தவர்கள்கூட
என்னை இத்தனை நேரம் பார்த்ததில்லை.

புள்ளி விழுந்தால் ஆகாது.
ஒட்டுக்கட்டிய மரம் ஆகாது.
நுனியில் துருத்தும் சின்னக் குமிழ்
ஒடிந்திருந்தால் அறவே ஆகாது.
ஆனவற்றுக்கு நார்மெத்தை, தனிப்பெட்டி, கப்பல்.
ஆகாதவை எங்களுக்கு.
பாகில் கொதிக்கும்போது
புள்ளி தெரிவதில்லை.

இந்தச் சரிவில் யாரும் கொண்டாடாத பண்டிகைக்கு
பாட்டன் காலம் முதல் காய்க்கிறது எங்கள் மரம்.
தேதி எங்களுக்குத் தெரியாது.
விலை தெரியும்.

இந்த ஆண்டு அவர்
தோப்புக் காவல் குடிசை முன் நின்றுவிட்டார்.
நாலு கழி, மேலே நாணலும் பேரீச்ச மட்டையும்.
உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார்.
"வானம் தெரிகிறது" என்றார்
தங்கம் கண்டவர்போல்.
ஏழு நாள் அவர்கள் இப்படித்தான் இருக்க வேண்டுமாம்,
நட்சத்திரம் ஒழுகும் கூரையின் கீழ்.
சட்டமே அப்படியாம்.
"தகரம் வாங்கக் காசில்லை" என்றான் பெலைத்.
பெருநாளில் பிறந்ததால் அவனுக்கு அந்தப் பெயர்.
எந்தப் பெருநாளையும் எளிதில் நம்பமாட்டான்.

புதினா தேநீர் ஆறும்வரை யெகுதியேல் சொன்னார்:
கோயில் இருந்த காலத்தில்
முதல் நாள் பதின்மூன்று காளை
மறுநாள் பன்னிரண்டு
அப்படியே குறைந்து ஏழாம் நாள் ஏழு.
பெட்டி எண்ணிப் பழகிய விரல் எனக்கு.
கூட்டினேன்: எழுபது.
"ஆமாம், உலகின் எழுபது இனங்களுக்கு
ஆளுக்கொன்று" என்றார்.

நாங்கள் எத்தனையாவது?
அவருக்கும் தெரியவில்லை.
பட்டியல் பழசு, மலைகளின் பெயர்கள் மாறிவிட்டன என்றார்.

பெலைத் விடவில்லை:
"மாடு அவர்களுடையது, மந்தை அவர்களுடையது,
பலன் மட்டும் நமக்கா?
கணக்கு எங்கோ உதைக்கிறதே."
யெகுதியேல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
கோப்பைக்குள் பார்த்துச் சொன்னார்:
"கோயிலை இடித்தவர்களுக்கும்
அந்த எழுபதில் ஒன்று இருந்தது.
இடித்தபோது அது அவர்களுக்குத் தெரியாது."

அப்புறம் யாரும் பேசவில்லை.
வாய்க்காலில் தண்ணீர் மெல்லிசாகப் போனது.
மூன்று வருடமாக அது அப்படித்தான்.

எங்கள் பெருநாளில் ஆட்டை மூன்றாகப் பிரிப்போம்.
ஒரு பங்கு இல்லாதவர் வீட்டுக்கு.
வாங்குகிறவள் எதற்கென்று கேட்பதில்லை.
கேட்டால் கொடுப்பவளுக்குத்தான் வெட்கம்.
அப்படித்தான் இதுவும் என்று
எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.
முழுசாக ஒட்டவில்லை.
அந்தக் காளை எந்த நிறம்?
எங்கள் பெயரைச் சரியாகச் சொன்னார்களா?

அவர் போன பிறகு
இருந்ததிலேயே அழகான ஒரு கனி
நாரில் சுற்றும்போது என் கட்டைவிரல் பட்டு
குமிழ் ஒடிந்தது.
பிசின் வைத்து ஒட்டு, யார் பார்ப்பார் என்றான் கொழுந்தன்.
ஒட்டிவிடலாம்தான்.
நான் ஒட்டவில்லை.
எங்கள் மழைக்கும் சேர்த்துக் கேட்கப்போகும் கையில்
பொய்யை எப்படி வைப்பது?

ஏனென்றால் அதையும் சொல்லியிருந்தார்:
அந்த ஏழு நாளில்தான் உலகத்துக்குத் தண்ணீர் அளக்கப்படுகிறதாம்.
எட்டாம் நாள் மழை கேட்பார்களாம்.
அவர்கள் ஊருக்கு மட்டுமா என்று
நான் கேட்கவில்லை.

அக்டோபர் நிலா நிறைந்த இரவில்
ஒடிந்த கனியை எடுத்துக்கொண்டு
காவல் குடிசையில் படுத்தேன்.
நாணல் இடுக்கில் நட்சத்திரம்.
எங்கோ கடலுக்கு அப்பால்
எங்கள் மரத்தின் பிள்ளைகளைக் கையில் பிடித்து
நாலு திசைக்கும் அசைப்பார்கள்.
தெற்கே அசைக்கும்போது
இந்தச் சரிவும் அதில் வருமா?

எட்டாம் நாள் எண்ணினேன்.
வெளியே காய்ந்த நார்மூட்டைகளை
ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து வைத்தேன்.
"வானம் சுத்தமாகத்தானே இருக்கிறது?" என்றான் பெலைத்.
"ஆமாம்" என்றேன்.
கடைசி மூட்டைக்கு
அவனும் ஒரு முனை பிடித்தான்.