பதினொன்றாவது எண்

காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய பட்டியலில்
பதினேழு பெயர்கள்.
காலை ட்ரிப்புக்கும் மாலை ட்ரிப்புக்கும் நடுவே
டுலூத்தில், பள்ளிக்கூடத்தின் பின்பக்கம்
காலிப் பேருந்தில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாக அழைத்தேன்.
நாற்பத்தெட்டு இருக்கைகள்
என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தன.

முதலாமவர் ஓய்வுபெற்றுவிட்டார்.
இரண்டாமவர் குழந்தைகளை மட்டும் பார்ப்பாராம்.
மூன்றாவது எண்ணில் இசை.
ஒன்பது நிமிடம் கேட்டேன், அறுந்துபோனது.
நான்காவது குரல்
‘புதியவர்களைச் சேர்ப்பதில்லை’ என்றது,
நீச்சல் வகுப்புக்கு நான் இடம் கேட்டதுபோல.

ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்
ஏரிக்காற்று வந்து
வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்தது.
சாண்ட்விச்சைப் பிரித்தேன். மூடினேன்.

மூன்று வாரமாக அந்த எண்ணம்
என்னோடு பேருந்தில் ஏறுகிறது.
சத்தம் போடாது. சன்னலில் கிறுக்காது.
என் வண்டியிலேயே ஒழுங்கான பயணி அதுதான்.
எங்கே இறங்கவேண்டும் என்பதை மட்டும்
அவ்வப்போது நினைவூட்டும்.

எட்டாமவர் இறந்துபோயிருந்தார்.
சொன்ன பெண் மன்னிப்புக் கேட்டாள்.
நானும் கேட்டேன்.
எதற்கென்று இருவருக்கும் தெரியவில்லை.

பதினொன்றாவது எண்ணில் ஒரே இரைச்சல்.
‘லிண்ட்கிரென் டயர்ஸ்’ என்றார் ஒருவர்.
டாக்டர் ப்ரூஸெக்கைத் தேடுவதாகச் சொன்னேன்.
‘அந்தம்மா மேட்டுத்தெருவுக்கு மாறிப்போயாச்சு.
பழைய நம்பர் எங்க தலையில் விழுந்தது.
இந்த மாசம் நீங்க நாலாவது ஆள்.
ஒரு நிமிஷம்…
ஆர்லோ, கம்ப்ரஸரை நிறுத்து!’

நின்றது.
எனக்காக ஓர் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாராம்.
இலக்கம் இலக்கமாகப் படித்தார்.
கடைசியில் ஏழா ஒன்றா என்று தடுமாறினார்,
கிரீஸ் பட்டுவிட்டதாம்.
‘ஏழு போட்டுப் பாருங்க. இல்லேன்னா ஒண்ணு.
ரெண்டும் இல்லேன்னா இங்கேயே திரும்பக் கூப்பிடுங்க.
ஆறு மணி வரைக்கும் இருப்பேன்.’
எதற்காக என்று கேட்கவில்லை.

ஏழுதான்.

‘டிசம்பர் முப்பதுதான் காலியாக இருக்கிறது’
என்றாள் அங்கிருந்த பெண்.
சரி என்றேன்.
அவள் போனை வைக்கவில்லை.
‘ராபர்ட்டா, அதுவரைக்கும் தாங்குவீர்களா?’

வைப்பர் ஒருமுறை போய்வரும் நேரம்
யோசித்தேன்.
‘தெரியவில்லை.’
அந்த வருடம் நான் வாய்விட்டுச் சொன்ன
முதல் உண்மை அது.

‘அப்படியென்றால் நாளை எட்டரை’ என்றாள்.
இன்றிரவு உடன் யார் இருப்பார்கள் என்று கேட்டாள்.
தங்கை பெயரைச் சொன்னேன்.
அவளை அழைத்தீர்களா என்றாள்.
இல்லை.
அழையுங்கள் என்றாள்,
நடுராத்திரிக்கென்று இன்னொரு எண்ணும் தந்தாள்.

பதினான்கு வருடத்தில் முதன்முறையாக
காலை ட்ரிப்பை வேறொருவர் ஓட்டினார்.

ப்ரூஸெக்கின் அறையில் ரேடியேட்டர்
யாரோ கதவைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தது.
‘செத்துப்போகலாம் போலிருக்கிறது’ என்றேன்.
அவர் பதறவில்லை.
தலை சாய்த்து இரக்கப்படவும் இல்லை.
அந்தப் பயணியைப் பற்றிச் சொன்னேன்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:
‘எந்த நிறுத்தத்தில் ஏறியது, நினைவிருக்கிறதா?’

அந்தக் கேள்விக்கே
ஐந்து வியாழக்கிழமைகள் ஆயின.

இன்னும் ஏறுகிறது.
சில நாள் கடைசி வரிசையில்.
சில நாள் வருவதில்லை.
பிப்ரவரியில் ஒருநாள் ஸ்டியரிங்வரை வந்துவிட்டது.
வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி
இரவுக்கான எண்ணைப் பகலிலேயே அழைத்தேன்.
எடுத்தார்கள்.

ஏப்ரலில் என் காருக்கு டயர் மாற்றப் போனேன்.
இன்னொரு பருவம் ஓடியிருக்கும், அவருக்கும் அது தெரிந்தது.
ஒன்றும் சொல்லாமல் ஜாக்கியை எடுத்தார்.
கவுண்டருக்குப் பின்னால் புது வருடக் காலண்டர்.
அதன் ஓரத்திலும் அந்த எண்ணை எழுதியிருந்தார்,
இம்முறை கை எட்டாத உயரத்தில்,
ஏழின் குறுக்கே ஒரு கோடு போட்டு.