நாலு வாட்

குவார்ட்ஸைட் தாண்டிக் கள்ளிக்காடு.
இரண்டு நாளாக மேகம்.
வண்டிக் கூரைமேல் சோலார் தகடுகள்
சும்மா கிடந்தன.

பேட்டரி முப்பத்தொரு சதவீதம்.
ஈரப்பதச் சூட்டை அணைத்தால்
விடியும்வரை வரும் என்று கணக்குப் போட்டேன்.
ஃப்ரிட்ஜையும் அணைத்தேன்.
பால் போனால் போகட்டும்.

ஆர்லோ முகமூடியை மாட்டிக்கொண்டு
"விமானி தயார்" என்றான்.
பதினோரு வருடமாக அதே நகைச்சுவை.
தொண்டை வறளும் என்றேன்.
கட்டைவிரலை உயர்த்தினான்.

குழாயில் காற்று போய்வரும் ஓசை.
அதைக் கேட்டுத்தான் நானும் தூங்குவது,
அவனிடம் சொன்னதில்லை.

நாலு மணிக்கு அமைதி என்னை எழுப்பியது.
குளிரை நான் கணக்கில் சேர்க்கவில்லை.
சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டிச் செத்தது.

முகமூடியைக் கழற்றினேன்.
ஒரு குறட்டை.
தூரத்தில் கொயோட்டி ஒன்று பதிலுக்கு ஊளையிட்டது.
இன்னொரு குறட்டை.
பிறகு ஒன்றுமில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று...
ஒன்பதில் விலாவில் இடித்தேன்.
புரண்டான். மூச்சு வந்தது.

இப்படி நாற்பது முறை இருக்கும்.
முழங்கை வலித்தது.
கொயோட்டிகூடத் தூங்கிவிட்டது.

கிழக்கே மேகம் கிழிந்து
தகட்டில் வெளிச்சம் விழுந்ததும்
திரையில் ஓர் எண்:
நாலு வாட்.

நாலு வாட்டுக்கு
இப்படியா அழுவாள் ஒருத்தி?