கூறு பதினான்கு

இருபதுக்கு இருபது மீற்றர்.
நான்கு மூலைக்கும் சிவப்பு நாடா கட்டினோம்.
மூன்றாவது மூலை ஒரு பாறைக்குள் போய்விட்டது.
தரிந்து திசைகாட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தான்,
பாறை நகரவில்லை.

அக்கரப்பத்தனைக்கு மேலே
தேயிலை முடிந்து காடு தொடங்கும் விளிம்பு.
கீழே எட்டாம் நம்பர் மலை,
அதற்கும் கீழே தகரம், தகரத்துக்கடியில் நாங்கள்
என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.
காலையில் பஸ் அந்த வளைவில் திரும்பியபோது
குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மார்பளவு உயரம் என்பது
நிலத்திலிருந்து ஒன்று தசம் மூன்று மீற்றர்.
யாருடைய மார்பு என்று முதலாம் வருடத்தில் கேட்டேன்,
மண்டபம் சிரித்தது.
எனக்கு அது தோளெலும்பு.
அங்கேதான் நாடாவைச் சுற்றுகிறேன்,
முப்பத்தொன்று தசம் நான்கு என்று கத்துகிறேன்,
அஃப்ரா எழுதுகிறாள்,
ஓர் அட்டை அவள் பேனாவில் ஏறி எட்டிப் பார்க்கிறது.

லத்தீன் பெயர்களை எல்லாம் பாடமாக்கியிருந்தேன்,
விடுதியில், கரண்ட் போன இரவுகளில்.
இந்த மரத்துக்கு முன்னால் நின்றதும்
வாயில் வந்தது வேறு:
அழுவாத வெறகு.
ஈரத்தோடு வைத்தாலும் கண்ணைக் கரிக்காது,
ஜூலை மழையில் காம்பராவுக்குள் அதுதான் எரியும்.
என்ன சொன்னாய், என்றாள் அஃப்ரா.
சிம்ப்ளோகோஸ், என்றேன்.

அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டை.
படிவத்தில் பன்னிரண்டாம் நிரல்: இடையூறு.
தீ, காற்று, யானை, மனிதர்.
கீழ்நாட்டுக்கு அச்சடித்த படிவம்,
இந்தக் குளிருக்கு யானை வந்ததே இல்லை.
விதானகே சேர் குனிந்தார்.
பழைய வெட்டு, எட்டு ஒன்பது வருடம் இருக்கும்,
விறகுத் திருடர்கள்.
கோபமாகச் சொல்லவில்லை,
மழை வருகிறது என்பதுபோலச் சொன்னார்.

வெட்டு மேட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது,
தண்ணீர் தேங்காமல் வழிய.
கவ்வாத்துக் கத்தி உள்ள வீட்டில் பிறந்தவர்களுக்கு
வேறு மாதிரி வெட்டத் தெரியாது,
களவாக வெட்டும்போதும்.

முழங்கால் உயரம். பெரிய ஆளின் முழங்கால் அல்ல.
பன்னிரண்டு வயதில் அந்தக் கத்தி எனக்கு நீளம்,
ஒரு தடவை வழுக்கியது,
தழும்பு இப்போது சப்பாத்துக்குள் இருக்கிறது.
வாச்சர் விசில் கேட்டால்
விறகு போகலாம், கத்தி போகக் கூடாது.

இது நான் வெட்டியதா?
சத்தியம் பண்ண முடியாது.
அடுத்த லயத்து நிரோஜினியாகவும் இருக்கலாம்,
அவளும் குள்ளம்தான்.

கட்டையிலிருந்து மூன்று தண்டுகள் எழும்பியிருந்தன.
மறுதாம்பு.
ஒன்பது தசம் இரண்டு. ஏழு.
மூன்றாவது என் மணிக்கட்டைவிடச் சற்றுக் கூட,
அதைக் கத்தும்போது குரல் உடைந்தது.
திரும்பச் சொல், என்றாள் அஃப்ரா.

பேண்தகு அறுவடைக்குப் பரீட்சையில் இருபது புள்ளி.
வளர்வதற்குள் மட்டும் வெட்டு என்பதை
நான்கு பக்கம் எழுதி வரைபும் கீறியிருந்தேன்.
பதினெட்டு கிடைத்தது.
ஆனால் கூறு பதின்மூன்றில்
மறுபடி எழும்பாத கட்டைகள் பதினொன்று எண்ணினேன்.
அவையும் சாய்வெட்டுத்தான்.
அதை மறைத்து எழுத முடியாது.

பேனாவை வாங்கினேன்.
மனிதர் என்பதற்கு எதிரே சரி போட்டேன்.
குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரிதான் கொள்ளும்:
வெட்டு சாய்வு. கட்டை உயிரோடு.
அளந்தவர்: க. தவமலர்.

மணி நான்கு.
கூறு பதினைந்து தேயிலைக்குள் விழுகிறது,
விடுங்கள், என்றார் சேர்.
கீழே புகை ஏறத் தொடங்கியது.
அது என்ன புகை, என்றான் தரிந்து.
சவுக்கு. பச்சை. நேற்று வெட்டியிருப்பார்கள்.
எப்படித் தெரியும்?
நாலாவது தகரம் எங்கள் வீடு, என்றேன்.

அவன் ஒன்றும் பேசாமல்
திசைகாட்டியை அந்தப் பக்கம் திருப்பினான்.
நூற்றுப் பதினெட்டு பாகை.